முதல்ல வோல்டேஜ்ல கை வைக்காதீங்க!

பழைய டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் பண்ற நம்ம ஹாஸ்டல் மக்கள்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. சிஸ்டம் ஹேங் ஆச்சா, நேரா பயாஸுக்குள்ள போய் புரொசசர் வோல்டேஜைக் கூட்டுவாங்க. மறுபடி ஹேங் ஆனா இன்னும் கொஞ்சம். கேட்டா, "யாரோ 1.45-ல ஓட்டுறாங்க மச்சி"ன்னு பதில் வரும். ஆனா அவர் சிப் வேற, உன் சிப் வேற. ஒரே மாடல்லயே ஒண்ணு தாங்குறதை இன்னொண்ணு தாங்காது.

இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600-ஐ எடுத்துக்குவோம். 2007-ல வந்தது, ஓவர்கிளாக் பண்றவங்களோட செல்லப்பிள்ளை. மதர்போர்டு தர்ற 266 மெகாஹெர்ட்ஸை 9-ஆல பெருக்கினா அதோட 2.4 கிகாஹெர்ட்ஸ். அந்த 9-க்கு மேல போக முடியாது, கீழே இறக்கலாம். அதனால எல்லாரும் 266-ஐ 333 ஆக்குவாங்க. 3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும்.

சிக்கலே இங்கதான். ரேமோட வேகமும் அதே 266-லேர்ந்துதான் கணக்காகுது. 800-ல ஓடிட்டிருந்த டிடிஆர்2 ரேம், விகிதத்தை மாத்தாம விட்டா சத்தமில்லாம 1000-க்குப் போயிடும். 800-க்குன்னு செஞ்ச ரேம் அதைத் தாங்கலைன்னா ப்ளூ ஸ்கிரீன். தப்பு ரேம்ல, மருந்து புரொசசருக்கு!

அந்த மருந்தும் சும்மா வராது. சிப் இழுக்கிற பவர், வோல்டேஜோட வர்க்கத்துக்கும் கிளாக்குக்கும் ஏத்தபடி கூடும். 1.25-லேர்ந்து 1.40 வோல்ட்டுக்குப் போனா அதுக்கே சுமார் 25 சதவீதம். கிளாக்கும் 25 சதவீதம் கூடினதால மொத்தம் சுமார் 57 சதவீதம். மே மாச ஹாஸ்டல் ரூம்ல, காய்ஞ்சுபோன தெர்மல் பேஸ்ட்டோட!

ஒவ்வொரு பாகமா பிரிச்சுப் பார்க்கறதுதான் சரியான வழி. விகிதத்தை 1:1 ஆக்கினா ரேம் 667-ல ஓடும், அது சந்தேகத்துலேர்ந்து விலகிடும். பெருக்கலை 6-க்கு இறக்கினா புரொசசர் 2 கிகாஹெர்ட்ஸ்தான், அதுவும் விலகிடும். இப்பவும் 333-ல தடுமாறினா மதர்போர்டைத்தான் சந்தேகப்படணும். தடுமாறலைன்னா பெருக்கலை மறுபடி 9 ஆக்கி, பிரைம்95-ல ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட். வெப்பம் கட்டுக்குள்ள இருந்தும் எரர் வந்தா, அப்பதான் வோல்டேஜ், அதுவும் ஒரே ஒரு படி. நடுவுல டிஸ்ப்ளேயே வரலைன்னா பயப்படாதீங்க. பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, போர்டுல இருக்கிற காயின் பேட்டரியைக் கழட்டி, கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா பயாஸ் பழையபடி ஆயிடும்.

"கேம் ஓடுதுல்ல, போதும்"னு சொல்றவங்களோடதான் எனக்குப் பெரிய சண்டை. நிலையில்லாத சிப் எப்பவும் ஹேங் ஆகித்தான் காட்டிக்கொடுக்கும்னு இல்லை. சில நேரம் தப்பான விடையைக் கொடுத்துட்டு அது பாட்டுக்கு ஓடும். பிரைம்95 விடையையே சரிபார்க்குது, அதனால பிடிச்சிடும். உங்க மேட்லேப் சிமுலேஷன்ல யார் சரிபார்க்கிறாங்க? அந்த கிராஃப்தான் ரிப்போர்ட்டுக்குள்ள போகுது, அதுல டீம்ல நாலு பேர் மார்க் இருக்கு. ப்ராஜெக்ட் ரிவ்யூ முடியற வரைக்கும் 266-லயே விடுங்க. 3 கிகாஹெர்ட்ஸை லீவுல பார்த்துக்கலாம்.