நோன்பும் கண் சொட்டு மருந்தும்

ரமழான் பிறை தென்பட்டதும் நம் இல்லங்கள் பலவற்றில் முதியோரின் கண் சொட்டு மருந்துப் புட்டி அலமாரிக்குள் சென்றுவிடுகிறது. பகலில் கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடும் என்ற அச்சமே காரணம். தொண்டையில் கசப்புத் தட்டிய பின்னும் நோன்பு எவ்வாறு கூடும் என அவர்கள் வினவுகின்றனர். பேணுதலில் எழும் இவ்வினாவை எள்ளுதல் தகாது. ஆயினும் விடை அறியாமல் மருந்தை நிறுத்துவோர் இழப்பது, ஷவ்வால் பிறந்ததும் மீட்டுக்கொள்ளக்கூடிய பொருளன்று.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதே பார்வை என்று யூக்ளிட் முதலான கிரேக்க அறிஞர்கள் எண்ணினர். பஸராவில் பிறந்து, ஏறக்குறைய 1040இல் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதனை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என நிறுவினார். ஒளியை உணருமிடம் கண்ணின் வில்லை என்றே அவரும் கருதினார். விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதை 1604இல் கெப்ளர் விளக்கினார். முன்னோர் அனைத்தையும் கூறிவிட்டனர் என மேடையில் முழங்குவோர் இதையும் சேர்த்துக் கூறினால் நன்று.

ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிட்டால் கிட்டப்பார்வை. அதற்கு அப்பால் குவியுமாயின் தூரப்பார்வை. நாற்பதைக் கடந்தபின் வில்லையின் நெகிழ்ச்சி குன்றுவதால் வருவது வெள்ளெழுத்து. இவற்றுக்குக் கண்ணாடி போதும். வில்லையே மங்கிக் கண்புரை ஆனால், அறுவை செய்து செயற்கை வில்லை வைக்கிறார்கள். பெரும்பாலோர்க்குப் பார்வை மீள்கிறது. நாம் கூற வந்தது இவற்றைப் பற்றியதன்று. ஒருமுறை போனால் மீளாத பார்வையைப் பற்றியது.

கண்ணின் முன்புறத்தில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது ஊறி, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அந்நீர் முழுதும் புதிதாகிவிடும். கண்ணீர் வேறு, இந்நீர் வேறு. வடிகால் அடைபட்டால் கண்ணுள் அழுத்தம் ஏறுகிறது. பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கவேண்டியது அது. ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை நசுக்குகிறது. அந்நரம்பிலோ பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள்! பட்டுப்போன இழை மீண்டும் துளிர்ப்பதில்லை. இதுவே கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். (அழுத்தம் இயல்பாகவே இருந்தும் சிலருக்கு இந்நோய் வருவதுண்டு.) பெரும்பாலும் வலி இராது, முதலில் பக்கப் பார்வை தேயும், நேர்ப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோயாளி ஏதும் அறியார். தென் தமிழகத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் உள்ளதையே அறியாதிருந்தனர்.

நாள்தோறும் விடும் சொட்டு மருந்து நோயைத் தீர்ப்பதில்லை; அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய இழைகளைக் காக்கிறது. நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறும். நிறுத்தியவர்க்கு அன்றே வலியோ மங்கலோ தோன்றாததால், நிறுத்தியதில் தீங்கில்லை என்றே எண்ணிவிடுகிறார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சொட்டு மருந்து பிற்காலத்தது, சுர்மா பழையது. ஃபிக்ஹு நூல்கள் சுர்மா இடுவதைக் குறித்தே பேசுகின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில், சுர்மாவின் சுவை தொண்டையில் தட்டினாலும் நோன்புக்குத் தீங்கில்லை எனத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பும் அதுவே. மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில், தொண்டையை எட்டினால் முறியும் என்ற கருத்து உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது முன்னிரு மத்ஹபுகளையே.

கண்ணிலிருந்து மூக்கிற்கு ஒரு குழாய் உண்டென மருத்துவர் காட்டுகிறார்களே, அப்படியாயின் பழைய தீர்ப்பு நிற்குமா எனச் சிலர் கேட்கக்கூடும். அழும்போது மூக்கில் நீர் வருவது அக்குழாய் வழியேதான். மருந்தின் கசப்பும் அவ்வழியே வருகிறது. ஆனால் சுவை தொண்டையை எட்டும் என்பதை அறிந்தே இமாமவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேலும் ஒரு சொட்டு என்பது ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதி இமைக்கு வெளியே வழிந்துவிடும். ஒளூச் செய்கையில் வாய் கொப்பளித்தபின் நாவில் தங்கும் ஈரம் இதனினும் மிகுதி, அது மன்னிக்கப்பட்டதன்றோ? 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது எனத் தீர்மானித்தது.

நோன்பை முறிப்பவை எவை என்று ஷஅபான் மாத ஜும்ஆக்களில் விரிவாகக் கூறப்படுகிறது. முறிக்காதவற்றைக் கூறுவதில்தான் நம் மிம்பர்களில் ஏனோ இத்துணைச் சிக்கனம்! இவ்வொரு சட்டத்தை இரண்டு நிமிடம் எடுத்துரைத்தால், எத்தனையோ வீடுகளில் அந்தப் புட்டி அலமாரிக்குள் போகாது.

பேணுதல் நாடுவோர்க்கும் வழி உண்டு. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால், மருந்து குழாயில் இறங்குவது பெரிதும் குறைகிறது. கண்ணுக்கும் அதுவே நன்மை. கசப்புத் தட்டினால் உமிழ்ந்துவிடலாம். இரவில் ஒருமுறை மட்டும் விடும் மருந்துகளும் உள்ளன. ரமழானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். தாமாக மாற்றுதல் கூடாது. இரு மருந்துகள் விடுவோர் இடையே ஐந்து நிமிடமேனும் விடுதல் வேண்டும். இஃப்தாரில் ஒரே மூச்சாக மிகுதியான நீர் பருகினால் கண் அழுத்தம் சற்று நேரம் ஏறும் என்பதால், இந்நோயுடையோர் சிறிது சிறிதாகப் பருகுதல் நலம்.

இந்நோய் குடும்பவழி தொடர்வது. தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இருப்பின், நாற்பதைக் கடந்த மற்றோரும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். முதியோர் பலருக்குக் கை நடுங்குவதால் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது. ஸஹருக்கு எழும் பேரப்பிள்ளையே பாட்டியாரின் கீழிமையைச் சற்றே தாழ்த்தி ஒரு சொட்டு விடலாம்.