கண்ணுக்குள் இருப்பது வெறும் கோந்து இல்லை

ஒருத்தருக்கு 'எடுபிடி' என்று பெயர் வைத்துவிட்டால், அவர் வேறு என்ன வேலை செய்தாலும் யார் கண்ணிலும் படாது. நரம்பு மண்டலத்தில் இருக்கும் கிளியா செல்களுக்கும் அதே கதிதான். 1856-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, இவை நரம்பு செல்களை ஒட்டிப்பிடிக்கும் பசை என்று நினைத்து இந்தப் பெயரை வைத்தார். கிரேக்கத்தில் கிளியா என்றால் கோந்து. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களில் இவை 'தாங்கும் செல்கள்' தான்!

விழித்திரையைப் பார்த்தால் இது எவ்வளவு தப்பு என்று புரியும். அதன் முழுத் தடிமனுக்கும் தூண் மாதிரி நிற்பவை முல்லர் செல்கள் என்ற கிளியா செல்கள். நரம்பு செல்கள் சேதி சொல்ல வெளியிடும் குளூட்டமேட் அங்கேயே தேங்கினால் அதுவே விஷம். முல்லர் செல் அதை உறிஞ்சி, குளூட்டமைனாக மாற்றித் திருப்பித் தருகிறது. சரி, இது துப்புரவு வேலை, எடுபிடிதானே என்று கேட்கலாம். ஆனால் இவை பேசவும் செய்கின்றன.

எரிக் நியூமனும் கேத்லீன் ஜாஸும் 1997-ல் எலியின் விழித்திரையில் கிளியா செல்களுக்குள் கால்சியம் அலை அலையாகப் பரவுவதைக் காட்டினார்கள். அந்த அலை வந்தபோது பக்கத்து நரம்பு செல்களின் துடிப்பு மாறியதை 1998-ல் காட்டினார்கள். எப்படி? முல்லர் செல் ஏடிபி-யை வெளியே விடுகிறது. அது அடினோசினாக மாறி, மூளைக்குச் சேதி அனுப்பும் கேங்லியன் செல்களை அடக்குகிறது. இது 2003-ல் தெரிந்தது. மினுக்கும் வெளிச்சம் காட்டினால் முல்லர் செல்லுக்குள் கால்சியம் கூடுவது 2005-ல் தெரிந்தது. ஆக, பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது.

வெளியே எடுத்து வைத்த விழித்திரையில் பார்த்ததெல்லாம் உயிருள்ள கண்ணில் அப்படியே நடக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது இன்னும் தேடுவதற்கான காரணம். பாடத்தில் சொல்லாமல் விடுவதற்கான காரணம் இல்லை.

இதில் மதிப்பெண் மட்டும் இல்லை, பார்வையும் இருக்கிறது. மினுக்கும் வெளிச்சத்தில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் விரியும். அதில் கிளியாவுக்குப் பங்கு உண்டு என்று 2006-ல் எலி விழித்திரையில் காட்டப்பட்டது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த விரிவு குறைகிறது, விழித்திரைச் சேதம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கூட. அந்த ஆரம்பத்தைப் பிடிக்க வேண்டிய நாளைய மருத்துவர்தான் இன்று வகுப்பில் உட்கார்ந்து 'கிளியா என்றால் கோந்து' என்று மனப்பாடம் செய்கிறார். பெயர் பழையதாகவே இருக்கட்டும், பாடத்தையாவது மாற்றலாமே.