பிளக் நுழைந்தால் போதும் என்பவர்களுக்கு

சுவா சூ காங்கில் வீட்டிலேயே கைவேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். வீவக வீட்டின் பாம் ஷெல்டரைப் பட்டறையாக்கி, ஓய்வு நாளில் அலமாரி கோர்ப்பார்கள், நெயில் கன்னால் சட்டம் அடிப்பார்கள், சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள். இதற்கெல்லாம் ஒன்றரை அல்லது இரண்டு குதிரைத்திறனில் ஒரு கம்ப்ரஸர் வாங்குகிறார்கள். அதை ஓட்டுவதற்கு, டிவிக்குப் பின்னால் கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை உருவி எடுத்து வருகிறார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “மூணு முள்ளும் ஒழுங்காக நுழையுது. 13 ஆம்பியர்னு போட்டிருக்கு. அதிகமாச்சுன்னா ஃப்யூஸ் போயிடும்.”

இந்த மூன்று வாக்கியங்களில் எதுவும் அந்த ஒயரைப் பற்றியது அல்ல. பிளக் ஒரு தரத்துக்குச் செய்யப்பட்டது. அதனால்தான் எந்தச் சாக்கெட்டிலும் நுழைகிறது. அதன் பின்னால் வரும் செம்பு எவ்வளவு தடிமன் என்பதை அது சொல்லாது. ஒயரின் உறையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதுதான் சொல்லும். ‘3ஜி0.75’ என்றிருந்தால், எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் முக்கால் சதுர மில்லிமீட்டர். அது 6 ஆம்பியருக்கான ஒயர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் தாராளம். இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் ஓடும்போதே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்.

ஃப்யூஸ் காப்பாற்றும் என்கிறார்கள். பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃப்யூஸ், 13-ஐத் தாண்டிய நொடியில் உருகிவிடுவதில்லை. 20 ஆம்பியர் ஓடினாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்படியே அதன் தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் 9 ஆம்பியரை அது கண்டுகொள்ளவே போவதில்லை. ஆனால் 6 ஆம்பியர் ஒயருக்கு 9 ஆம்பியர் மிகை. ஃப்யூஸ் நிம்மதியாக இருக்கும், ஒயர் வெந்துகொண்டிருக்கும். 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி கட்டாயம் என்பதைச் சுட்டிக்காட்டி ஆறுதலடைபவர்களும் உண்டு. நல்ல விதிதான், பல உயிர்களைக் காக்கும். ஆனால் அது பார்ப்பது மின்கசிவை. ஒயரின் சூட்டை அது பார்ப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபது மீட்டர் நீளமுள்ள முக்கால் ஸ்கொயர் ஒயரில் மின்சாரம் போய்த் திரும்பும் பாதை நாற்பது மீட்டர். தடை சுமார் 1 ஓம். 9 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 80 வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. தரையில் நீட்டிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் போக இடமில்லை. அப்படி ஓட்டிய ரீல் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: வெளிச்சுற்று புதிதுபோல இருக்கும், உள்ளே போகப் போக உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிய்த்தால் தோல் உரியும். ரீலின் முகத்தில் இரண்டு எண்கள் போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். சுற்றிய நிலையில் தாங்குவது ஒன்று, முழுக்கப் பிரித்த நிலையில் தாங்குவது இன்னொன்று. பெரிய எண்ணை மட்டும் படிப்பதே பலருக்கும் வழக்கம்.

கம்ப்ரஸர் மற்றக் கருவிகள் போன்றதும் அல்ல. தொட்டியில் அழுத்தம் குறையும்போதெல்லாம் அது தானாக மறுபடி கிளம்புகிறது. கிளம்பும் கணத்தில் ஐந்து மடங்கு, அதாவது 45 ஆம்பியர்கூட இழுக்கும். மேலே சொன்ன ஒயரில் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 47 வோல்ட் தொலைந்துபோகும். சாக்கெட்டில் 230 இருந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 183. மோட்டாரின் திருகுவிசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று முனகுவது அப்போதுதான். உடனே “மட்டமான மெஷின், கப்பாசிட்டர் போச்சு” என்று விற்றவரைத் திட்டுகிறார்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் அந்த 45 ஆம்பியரையும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ஓவர்லோட் சுவிட்ச் நேரத்தில் வெட்டாவிட்டால் காயில் கருகும். குற்றவாளி ஒயர், பழி மெஷினுக்கு.

எர்த்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராகச் சேரும். வடிகால் திருகைத் திறந்தால் தரையில் ஓடும். ஈரத் தரை, இரும்புத் தொட்டி, வெறுங்கால். இந்த நிலையில் மூன்று முள் பிளக்கில் இரண்டு கம்பி ஒயரைக் கோர்த்து ஓட்டுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். பாம் ஷெல்டரின் இரும்புக் கதவு நசுக்கிய ஒயரும் அதே வகை. டேப் சுற்றினால் சரியாகிவிடாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

சரியான வழி கடினமானதல்ல. கட்டடத் தளங்களில் வேலை செய்யும் நம் எலெக்ட்ரிஷியன்களிடம் கேளுங்கள். ஒயர் என்றதும் அவர்கள் வாயில் வரும் முதல் கேள்வி “எத்தனை ஸ்கொயர்?” என்பதுதான். ஒன்றரை ஸ்கொயர், மூன்று கம்பி, பத்து மீட்டருக்குள், முழுக்கப் பிரித்து. அந்த நீளத்தில் கிளம்பும்போது தொலைவது 12 வோல்ட் மட்டுமே. பிளக்கிலும் பலகையிலும் சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல சாக்கெட் பலகையின் ஒரு துளையில் கம்ப்ரஸர், பக்கத்துத் துளையில் கெட்டில் என்பது கூடவே கூடாது.

தூரம் எட்டவில்லை என்றால் ஒயரை நீட்டாதீர்கள், காற்றுக் குழாயை நீட்டுங்கள். கம்ப்ரஸர் சுவர்ச் சாக்கெட்டின் பக்கத்தில் நேரடியாகச் செருகியபடி நிற்கட்டும். பதினைந்து மீட்டர் ஹோஸில் அழுத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் ஹோஸ் தீப்பிடிக்காது, மோட்டாரும் கருகாது. இதைவிடப் பெரிய கம்ப்ரஸர் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டுத் தனி இணைப்புக்கு வழி உண்டா என்று கேளுங்கள். அவர் முடியாது என்றால் அந்தக் கம்ப்ரஸர் அந்த வீட்டுக்கு ஆகாது.

இன்று மாலை உங்கள் எக்ஸ்டென்ஷன் ஒயரை வெளிச்சத்தில் பிடித்து உறையில் உள்ள எண்ணைப் படியுங்கள். 0.75 என்றிருந்தால் அதை மேசை விளக்குக்குக் கொடுத்துவிடுங்கள். எண்ணே இல்லையென்றால் எதற்கும் கொடுக்காதீர்கள்.