பொரிப்பான் வாங்கலாமா?



கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு கிழமையாக என் மேசையில் கிடக்கிறது. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 2009ஆம் ஆண்டு எறிகணை பட்டு இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் றோல்ஸும் உழுந்து வடையும் செய்து சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்குக் கொடுத்துத்தான் சீவியம் போகிறது. நாளொன்றுக்கு அறுபது வரையில் செய்கிறார். மா குழைப்பது, கறி வைப்பது, சுருட்டுவது எல்லாம் அவரேதான். பொரிப்பது மட்டும் அவருடைய அம்மா. அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. இந்த வருடம் மட்டும் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டுவிட்டாராம்.

"பட்டணத்துக் கடையிலே சின்னக் கரண்ட் பொரிப்பான் ஒன்று பார்த்தேன். தவணைக்கும் தருவினமாம். மகள் வாங்கச் சொல்லுறாள். கரண்டும் எண்ணெயும் ஒரு இடத்திலே சேர்ந்தால் வீடு எரியும் என்று அம்மா பயப்படுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?" இதுதான் கேள்வி.

ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. என்னிடமும் அப்படியொரு பொரிப்பான் இருக்கிறது. 2023இல் சீட்டுக் காசு கைக்கு வந்தபோது வாங்கியது. ஒன்றரை லீற்றர் எண்ணெய் பிடிக்கும், ஆயிரம் வாற்று. கடைக்காரர் 'டீப் பிறையர்' என்று பெட்டியோடு தூக்கித் தந்தார். ஆசைக்கு வாங்கிய பொருள் என்பதால் முதல் ஆறு மாதம் அலுமாரிக்கு மேலே இருந்தது. இந்தக் கடிதம் வந்த பிறகுதான் அதை இறக்கி, ஒழுங்காகப் பாவித்துப் பார்த்தேன். அதுவும் இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் கட்டிவைத்துக்கொண்டு, ஒரு கிழமை. வீட்டிலுள்ளவர்கள் சிரித்தார்கள்.

முதலில் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு பாத்திரம், அதைச் சூடாக்கும் கம்பி, ஒரு கம்பிக்கூடை, ஒரு மூடி. சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். நாங்கள் வைத்த சூட்டுக்கு எண்ணெய் வந்ததும் கம்பி தானாக நின்றுவிடும், சூடு இறங்கினால் மறுபடி பிடிக்கும். விறகடுப்பில் நாங்கள் கொள்ளியை இழுத்தும் தள்ளியும் செய்கிற வேலைதான் இது.

அந்தச் சூடு ஏன் முக்கியம் என்றால், எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும்போது போட்ட பண்டத்திலுள்ள ஈரம் ஆவியாகி வெளியே தள்ளும். நாங்கள் பார்க்கிற குமிழி அதுதான். ஆவி வெளியே வரும் வரைக்கும் எண்ணெய் உள்ளே போவது குறைவு. சூடு போதாவிட்டால் வடை எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும். றோல்ஸுக்கு 180 பாகை செல்சியஸ் சரியாக இருக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கறி ஏற்கெனவே வெந்தது, வெளித்தோல் சிவந்தால் போதும். உழுந்து வடைக்கு 170 அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே கறுத்து உள்ளே மா நிற்கும். மலிவான பொரிப்பானில் குமிழ் காட்டுகிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது. என்னுடையது கொஞ்சம் பிந்தித்தான் சூடேறுகிறது. துளி மாவைப் போட்டு, அது அடியில் தங்காமல் உடனே மேலே வருகிறதா என்று பார்க்கிற எங்கள் பழைய வழியையே இன்னும் நம்புகிறேன்.

இனி ஒரு கைக் கணக்கு. கூடையைத் தூக்குவது சுலபம். தூக்கிய கூடையைப் பாத்திரத்தின் விளிம்பில் கொளுவிவிட்டால் எண்ணெய் தானாக வடியும். தாச்சியில் கண்ணகப்பையால் ஒவ்வொன்றாக அள்ளி, மற்றக் கையால் தட்டைப் பிடிக்கிற வேலை இல்லை. மூடி இருப்பதால் தெறிப்பதும் குறைவு. முகத்துக்கு நேரே வெக்கை இல்லை, புகை இல்லை. இவ்வளவும் நன்மை.

ஆனால் என் பொரிப்பானில் கூடையின் கைபிடி தனியாகக் கழன்று வரும். அதைப் பூட்ட இரண்டு கம்பிகளையும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு கொளுவவேண்டும். ஒரு கையால் எனக்கு அது முடியவேயில்லை. பல்லைக் கூடப் பாவித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. கைபிடி நிரந்தரமாகப் பொருத்தியதும், மடக்கி நிமிர்த்தினால் தானாகப் பூட்டிக்கொள்வதும் கடைகளில் இருக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சகோதரி, பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னர் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, உங்கள் ஒரு கையாலேயே கூடையைப் பூட்டி, இறக்கி, தூக்கி, கொளுவிப் பாருங்கள். கடைப் பொடியன் முகத்தைச் சுழித்தால் சுழிக்கட்டும்.

இன்னுமொன்று, மலிவான பொரிப்பான் பாரமில்லாதது. கூடையைத் தூக்கும்போது முழுச் சாமானும் கூடவே அசைகிறது. இரண்டு கை உள்ளவர் மற்றக் கையால் பிடித்துக்கொள்வார். அதற்கு நான் செய்த வழி இது: பொரிப்பானின் கால்கள் சரியாக உள்ளே இருக்கும்படி மேசையில் நாலு மரச்சட்டத் துண்டுகளை ஆணியடித்து ஒரு சதுரம் கட்டினேன். அதற்குள் வைத்தால் பக்கவாட்டில் நகராது.

எண்ணெயை வெளியே ஊற்றுவதுதான் ஒரு கையால் செய்யவே கூடாத வேலை. நன்றாக ஆறிய பிறகு, குறைந்தது இரண்டு மணித்தியாலம் விட்டு, அகப்பையால் அள்ளி வெள்ளைத் துணியில் வடியுங்கள். இல்லையென்றால் மகள் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு செய்யலாம். பொரிப்பானை ஒருநாளும் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கழுவக்கூடாது என்பதை மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

வடைக்கு ஒரு நுட்பம் இருக்கிறது. ஈர மாவைக் கூடையில் வைத்து இறக்கினால் கம்பிக் கண்களுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்தியால் சுரண்டவேண்டும். வெறுங்கூடையை முதலில் எண்ணெய்க்குள் இறக்கிவிட்டு, வடையை நேரே எண்ணெயில் விடுங்கள். அது மிதந்து சிவந்த பிறகு கூடையைத் தூக்கினால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். (எண்ணெயில்லாமல் பொரிக்கலாம் என்று விளம்பரம் செய்கிற காற்றுப் பொரிப்பானைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அது விசிறி வைத்த சின்னப் போறணைதான். உழுந்து மாவை அதற்குள் விட்டால் வழிந்துபோகும்.)

இப்போது மின்சாரம். அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. ஆயிரம் வாற்றுப் பொரிப்பான் 230 வோல்ற்றில் நாலு அம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். இரண்டாயிரம் வாற்று என்றால் ஒன்பது அம்பியருக்குக் கிட்ட. மின்குமிழுக்காக இழுத்த மெல்லிய வயரில், அல்லது றேடியோவுக்கு வாங்கிய நீட்டு வயரில் இதைக் கொளுவினால் வயர் சூடேறி உருகும். மீள்குடியேறிய காலத்தில் அவசரத்துக்கு வயர் இழுத்த வீடுகள் பலவற்றில் குசினிக்கென்று தனிச் சுவிச் இல்லை. எனவே முதலில் தெரிந்த ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டு, நில வயருடன் கூடிய 13 அம்பியர் சதுர முள் பிளக் பொயின்ற் ஒன்று மேசைக்குப் பக்கத்தில் வைப்பியுங்கள். றிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழவேண்டும். இந்தச் செலவையும் பொரிப்பானின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். வயர் மேசை விளிம்பால் தொங்கக்கூடாது. ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைப் பிடித்து இழுத்தால் கொதிக்கிற எண்ணெய் முழுவதும் அந்தப் பிள்ளையின் மேல்தான் விழும்.

கரண்ட் நின்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரையில் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நாங்கள் வெளியே போயிருக்கிற நேரம் கரண்ட் வந்து, பொரிப்பான் ஆளில்லாமல் கொதித்தால் என்ன ஆகும்? இதற்காகத்தான் தாச்சியைப் பரணில் போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் பாவிப்பவர்களுக்கு ஒரு சின்ன விடயம். மார்கழி, தையில் விடியற்காலைக் குளிருக்கு அது உறைந்துவிடும். உறைந்த எண்ணெயில் எடுத்த எடுப்பிலேயே குமிழை 180க்குத் திருப்பினால் அடியிலுள்ள கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். முதலில் குறைந்த சூட்டில் உருகவிட்டு, பிறகு கூட்டுங்கள்.

எண்ணெய் புகைக்கத் தொடங்கினால் நிற்பாட்டிவிடவேண்டும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், எரிகிற எண்ணெய் கூரை வரைக்கும் எறியப்படும். சுவரிலுள்ள சுவிச்சை நிற்பாட்டி, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடவேண்டும். சுவிச் பொரிப்பானுக்கு நேர் பின்னால் இருந்தால் நெருப்புக்கு மேலாகக் கை நீட்டவேண்டி வரும், ஆகவே பொயின்ற் வைக்கும்போதே கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கை சுட்டால் பற்பசையோ எண்ணெயோ பூசாமல் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பெரிய காயம் என்றால் ஆஸ்பத்திரிதான். அம்மாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இனிப் பணம். கரண்ட் செலவை நினைத்துப் பயப்படுகிறோம், ஆனால் ஆயிரம் வாற்று ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடினால் ஒரு அலகு. என் பொரிப்பானில் ஒரு தடவைக்கு ஐந்து றோல்ஸ்தான் போடலாம். கூடப் போட்டால் எண்ணெய் குளிர்ந்து எல்லாம் கெட்டுவிடும். பொரிய நாலு நிமிடம், மறுபடி சூடேற இரண்டு நிமிடம். அறுபது றோல்ஸுக்கு பன்னிரண்டு தடவை, கிட்டத்தட்ட ஒன்றேகால் மணித்தியாலம், ஒன்றேகால் அலகுக்கு உள்ளேதான். தாச்சியில் அம்மா அரை மணித்தியாலத்தில் முடித்திருப்பார். கடைக்காரர் காலை ஏழு மணிக்குக் கேட்கிறார் என்றால் நீங்கள் இன்னும் முன்னதாக எழும்பவேண்டும்.

உண்மையான செலவு எண்ணெய்தான், அதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். குழிந்த தாச்சியில் அரை லீற்றரோடு பொரித்துவிடலாம். பொரிப்பானில் உள்ளே போட்டிருக்கும் கீழ்க்கோட்டுக்கு மேலே எண்ணெய் நிற்கவேண்டும், என்னுடையதற்கு ஒரு லீற்றருக்கு மேல் வேண்டும். அதை நாலைந்து நாள் பாவிக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் வடிகட்டவேண்டும். றோல்ஸிலிருந்து உதிரும் ரொட்டித் தூள்தான் அடியில் கருகி எண்ணெயைக் கறுக்கவைக்கிறது, ஆகவே பொரிக்க முன்னர் தூளை நன்றாக அழுத்தி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். வடையை முதலில், றோல்ஸைப் பிறகு. மீன், கருவாடு அந்த எண்ணெயில் வேண்டவே வேண்டாம். நுரை அடங்காமல் நின்றால், பிசுபிசுத்தால், மணம் மாறினால் எண்ணெய் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதில் பொரித்து விற்பது சாப்பிடுகிறவர்களுக்குச் செய்கிற துரோகம். கிணற்றடியில் ஊற்றாதீர்கள், போத்தலில் அடைத்து வையுங்கள்.

தவணைக்கு வாங்குவதைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்வதாக அறிவிக்கவேண்டி வந்தது. அந்த அளவுக்கு எங்கள் பெண்கள் கிழமைக் கிழமை கட்டிக் களைத்திருந்தார்கள். கிழமைக் கடனில் பொரிப்பான் வாங்காதீர்கள். சீட்டோ, சங்கத்துச் சேமிப்போ, கடைக்காரர் தருகிற முற்பணமோ இருந்தால் மட்டும் வாங்குங்கள். தவணைதான் வழி என்றால் முழுத்தொகை எவ்வளவு வருகிறது என்று எழுதித் தரச் சொல்லி, உடன் பணத்துக்கான விலையை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வீட்டுச் சமையலுக்கு, கிழமையில் ஒரு நாள் அப்பளமும் மிளகாயும் பொரிப்பதற்கு இதை வாங்கவேண்டாம் என்று மற்றச் சகோதரிகளுக்குச் சொல்லுவேன். என்னுடையது ஆறு மாதம் அலுமாரிக்கு மேலே கிடந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் இந்தச் சகோதரிக்கு வாங்கச் சொல்லுகிறேன். பிளக் பொயின்ற் சரியானால், கைபிடி சரியானால், கடன் இல்லாவிட்டால். அவர் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிதான் காரணம்: "என்ரை றோல்ஸை நானே பொரிச்சுப் பார்க்கேல்லை, ஒரு நாளும்."

சகோதரி, கைபிடி பார்த்து வாங்கினால் எது, எப்படி என்று எழுதுங்கள். என்னுடைய பொரிப்பானின் கூடையை ஒரு கம்மாலையில் கொடுத்துக் கைபிடியை நிரந்தரமாக ஒட்டித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன். சரிவந்தால் அதை உங்களுக்கே தந்துவிடலாம். அலுமாரிக்கு மேலே திரும்பவும் ஏற்ற எனக்கு மனமில்லை.