நம்ம ஊரு எது?

அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களிடமும் கம்பெனிகளிடமும் நிதி திரட்ட, தமிழக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அறக்கட்டளையைத் தொடங்கியது. கொடுக்கட்டும். கூரைக்கும் கக்கூசுக்கும் காசு வேணும்தான். ஆனா 'நம்ம ஊரு'ன்னா எது? ஊரா, சேரியா? வசதியான பழைய மாணவர் உள்ள பள்ளிக்குப் பணம் தானா வரும். கூலிக்காரர் பிள்ளைகள் படிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு யார் தருவார்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். எந்த நன்கொடைப் பெஞ்சு அதைத் தடுக்கும்?

நன்கொடை அவர்கள் விருப்பம். கல்வி நம் உரிமை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோருக்கும் விகிதப்படி இடமுண்டு. தோழர்களே, சேரித் தாய்மாரை அங்கே உட்கார வையுங்கள். கணக்கு கேட்போம்; கொடையாளியிடம் கையேந்தி அல்ல, அரசிடம் நிமிர்ந்து.