படகா, படகோட்டியா?

கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலயில், களனி கங்கையில் ரப்பர் படகுச் சவாரிக்குப் பலரும் வருகின்றனர். எமது பங்குகளின் இளைஞர் குழுக்களும் விடுமுறையில் ஆற்றையும் கடலையும் நாடிச் செல்கின்றன. எங்காவது படகு கவிழ்ந்தால், ‘படகு சரியில்லை’ என்பார் ஒருவர்; ‘ஓட்டியவர் சரியில்லை’ என்பார் மற்றவர்.

2023 மே 7ஆம் திகதி கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் சிறுவர். மீன்பிடிப் படகொன்றே உல்லாசப் படகாக மாற்றப்பட்டிருந்தது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, பொழுது சாய்ந்த பின் அது புறப்பட்டது. 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி தேக்கடி ஏரியில் 45 பேரைப் பலிகொண்ட படகிலும் அளவுக்கு மீறிய கூட்டமே.

ஆக, படகிலும் குறை, ஓட்டத்திலும் குறை. ஆனால் படகை மாற்றிக் கட்டியதும், இடமில்லாதபோதும் ஆட்களை ஏற்றியதும் கரையில் நடந்தவை. இலாபம் கண்ட உரிமையாளரும் கண்மூடியிருந்த அதிகாரியும் முதலில் பதில் சொல்ல வேண்டும். கூலிக்கு ஓட்டுபவரை மட்டும் தண்டித்தால், அடுத்த படகும் அப்படியே புறப்படும்.

தோட்டப் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது. எனவே சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்கள் கரையிலேயே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: அனுமதிப்பத்திரம் உண்டா? எத்தனை பேர் ஏறலாம்? ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? ஒன்றுக்கேனும் சரியான பதில் இல்லையெனில் ஏற வேண்டாம். கட்டிய காசு போனால் போகட்டும். பிள்ளைகள் வீடு திரும்பட்டும்.