மறுதாம்பு

ஒரு கதை வரிசையைப் பாதியில் நிறுத்திவிட்டவனை நம் வாசகர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தவனைப் பார்க்கிற பார்வை. அதிலும் அது விஞ்ஞான நாவல் வரிசையாக, ஆறோ ஏழோ தலையணைப் புத்தகங்களாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன்" என்று சொன்னால், "அடடா, ஐந்தாவதில் அல்லவா விஷயமே இருக்கிறது!" என்று நம்மீது இரக்கப்படுகிறார்கள். அந்த ஐந்தாவதைப் படித்து அவர்கள் அடைந்த ஆனந்தம் என்ன என்று கேட்டால் மட்டும் நேரான பதில் வருவதில்லை. "எப்படியோ முடித்துவிட்டேன்" என்கிறார்கள், வட்டிக் கடனை அடைத்து முடித்தவர்கள் மாதிரி.

நான் சொல்ல வந்தது இதுதான்: ஒரு கதை வரிசையை எதுவரை படிப்பது என்று தீர்மானிக்கிற அதிகாரம் பதிப்பாளனுக்குக் கிடையாது, எழுதியவனுக்கும் கிடையாது. அது வாசகனுடையது. முதல் புத்தகம் எழுப்பிய கேள்விக்கு உயிர் இருக்கிறவரை படிக்கலாம். கேள்வி செத்த பிறகும் படித்துக்கொண்டிருப்பதற்கு ரஸனை என்று பெயர் வைக்க என்னால் முடியாது. பழக்கம் என்றுதான் சொல்லுவேன்.

வரிசைகளில் இரண்டு ஜாதி உண்டு. தேவனின் துப்பறியும் சாம்பு ஒரு ஜாதி. சுஜாதாவின் கணேஷும் வஸந்தும் அந்த ஜாதியே. ஒவ்வொரு கதையும் தன்னளவில் முழுசு. பத்தாவது கதையைப் படித்துவிட்டு மூன்றாவதற்குப் போகலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அவற்றைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. இரண்டாவது ஜாதி, ஒரு புத்தகம் அடுத்த புத்தகத்துக்குக் கடன் வைத்துவிட்டுப் போகிற ஜாதி. விஞ்ஞான நாவல் வரிசைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ஜாதிதான். வாசகன் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

சமூக நாவலுக்கும் விஞ்ஞான நாவலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சமூக நாவலில் மனிதன் கதாநாயகன். விஞ்ஞான நாவலில், 'இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வோம்?' என்கிற கேள்விதான் கதாநாயகன். அந்தக் கேள்வி உள்ளே இருக்கிறவரை ஆகாயக் கப்பலும் இயந்திர மனிதனும் அர்த்தத்தோடு நடமாடுகின்றன. கேள்வி வெளியேறிவிட்டால் அவை நாடகக் கொட்டகையில் ஆட்டம் முடிந்த பிறகு கிடக்கிற அட்டைக் கிரீடங்கள்.

ஐஸக் அஸிமாவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-ல் ஒரு பத்திரிகையில் சிறுகதையாக ஆரம்பித்தது. 1951, 1952, 1953 ஆகிய மூன்று வருஷங்களில் மூன்று புத்தகங்களாக வந்தது. கேள்வி அற்புதமானது: தனி மனிதன் என்ன செய்வான் என்று சொல்ல முடியாவிட்டாலும், கோடானுகோடி ஜனங்கள் சேர்ந்து என்ன செய்வார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடிந்தால்? ஒரு பேரரசு விழப் போகிறது. அதற்குப் பின் 30,000 வருஷ இருட்டு. அதை 1,000 வருஷமாகக் குறைக்க ஒரு கணித மேதை திட்டம் வகுக்கிறான். இரண்டாவது புத்தகத்திலே, அந்தக் கணக்கில் அடங்காத ஒரு தனி மனிதன் வந்து திட்டத்தையே கவிழ்க்கப் பார்க்கிறான். இது நியாயமான தொடர்ச்சி. முதல் கேள்வியின் வயிற்றிலிருந்தே இரண்டாவது கேள்வி பிறந்திருக்கிறது.

பிறகு அஸிமாவ் சுமார் முப்பது வருஷம் அந்தப் பக்கம் நாவல் எழுதப் போகவில்லை. பதிப்பகத்தாரும் வாசகர்களும் விடவில்லை. 1982-ல் நாலாவது வந்தது. மறு வருஷம் அதற்கு ஹியூகோ பரிசும் கிடைத்தது. 1986-ல் ஐந்தாவது. தம்முடைய வேறு இயந்திர மனிதக் கதைகளையும் இதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, இரண்டு அந்நியக் குடும்பங்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவைத்தார். அதற்குமேல் முன்னே போக வழி காணாமல் பின்னே திரும்பி, 1988-ல் கணித மேதையின் இளமைக் காலத்தை எழுதினார். 1992-ல் அவர் காலமான பிறகு 1993-ல் கடைசிப் புத்தகம் வந்தது. ஆயிரம் வருஷக் கதை என்று ஆரம்பித்தது பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. முதல் மூன்றோடு நிறுத்திய வாசகன் எதை இழந்தான்? பரிசு பெற்ற ஒரு புத்தகத்தை இழந்தான் என்று சொல்லலாம். கேள்வியை இழக்கவில்லை.

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற எங்கள் முண்டியம்பாக்கத்துக்கு வந்தால் போதும். மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன் எங்கள் ஊரை வெளியூரார் அறிந்தது சர்க்கரை ஆலையால்தான். சுற்றுப்பட்டு முழுவதும் கரும்பு. கரும்பு வைக்கிற எவரையும் கேளுங்கள், 'மறுதாம்பு' என்றால் என்ன என்று சொல்லுவார். முதல் வருஷம் கரணை வாங்கி நட்டு வளர்த்துக் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பியாகிறது. வேரும் கட்டையும் மண்ணிலே இருக்கின்றன. தண்ணீர் விட்டால் அந்தக் கட்டையே மறுபடி துளிர்க்கும். அது மறுதாம்பு. கரணைச் செலவு இல்லை, நடவுக் கூலி இல்லை, லாபந்தான். அதை வெட்டிய பிறகு இன்னொரு மறுதாம்பும் விடலாம். ஆனால் போகப் போக மகசூல் குறையும். பூச்சியும் நோயும் கட்டையிலேயே குடியேறும். உரம் கூடுதலாகக் கேட்கும். ஒரு கட்டத்தில் விவசாயி கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலத்தை உழுது வேறு பயிர் வைக்கிறார். அவருக்கு அந்தக் கட்டையின் மேல் பாசம் இல்லை என்று யாரும் குறை சொல்லுவதில்லை.

பதிப்பாளனின் கணக்கும் இதேதான். புது ஆசிரியனை, புதுக் கதையை நடுவதற்குச் செலவு அதிகம். முளைக்குமோ முளைக்காதோ என்ற பயம் வேறு. பழைய கட்டைக்குத் தண்ணீர் விட்டால் போதும். வாசகன் ஏற்கெனவே வேர் விட்டிருக்கிறான் அல்லவா? இதில் தப்பு ஒன்றும் இல்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறான். ஆனால் எத்தனையாவது மறுதாம்பு இது என்று வாங்குகிறவன் கேட்கவேண்டாமா?

மறுதாம்பு எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல விவசாயி அறுவடை ஆனதும் கட்டையை மண்ணோடு மண்ணாகச் சீவிவிடுவார். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கணுவிலிருந்து வருகிற துளிர் சோனியாக இருக்கும். மண்ணுக்குள்ளிருந்து வருகிற துளிர்தான் வேர் பிடித்து நிற்கும். அப்படிக் கட்டை சீவத் தெரிந்த எழுத்தாளர்களும் இருக்கிறார்கள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் அப்படிப்பட்டவர். அவருடைய 'ட்யூன்' 1965-ல் வந்தபோது அதைப் புத்தகமாகப் போட்டது மோட்டார் ரிப்பேர்ப் புத்தகங்களுக்குப் பேர்போன ஒரு கம்பெனி. மற்றவர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாலைவன ஜனங்கள் எதிர்பார்த்திருந்த அவதார புருஷன் வந்து ஜெயிக்கிற கதை அது. 2021-லும் 2024-லும் வந்த திரைப்படங்களால் நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அது பழக்கமாகிவிட்டது. 1969-ல் ஹெர்பர்ட் இரண்டாம் புத்தகத்தில் செய்த காரியம் என்ன? தம் கதாநாயகனைத் தாமே சீவித் தள்ளினார். அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் உலகங்கள் அழிந்ததைக் காட்டினார். அவதார புருஷனை நம்பிப் பின்னால் போகிற ஜனங்களின் கதி என்ன என்று கேட்டார். முதல் நாவலைத் தொடர்கதையாகப் போட்ட பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லுக்கு இது பிடிக்கவில்லை. வீரன் வீழ்வதைப் போட மறுத்துவிட்டார். வேறு பத்திரிகையில் வந்தது. கேம்ப்பெல் வேண்டியது அதே வீரனை. ஹெர்பர்ட் கொடுத்தது அதே கேள்வியை, இன்னும் ஆழத்திலிருந்து.

ஆகவே, 'பிடிக்கவில்லை' என்பதற்காக மட்டும் ஒரு வரிசையை விட்டுவிடாதீர்கள். நம்மைச் சங்கடப்படுத்துகிற புத்தகம் உயிரோடிருக்கிற புத்தகம். அலுப்புத் தட்டுகிற புத்தகம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த வரிசையில் 1981-ல் வந்த நாலாவது புத்தகத்தோடு நிறுத்தலாம் என்பது என் அபிப்பிராயம். 3,500 வருஷம் ஆண்ட ஒரு கொடுங்கோலன், ஜனங்கள் இனி எந்த ஆண்டவனையும் நம்பாதிருக்க வேண்டும் என்பதற்காகவே கொடுங்கோலனாக இருக்கிறான்! அவதார புருஷனைப் பற்றிய கேள்விக்கு அதற்குமேல் போக இடமில்லை. 1984-லும் 1985-லும் வந்த அடுத்த இரண்டும் வேறு கதையை ஆரம்பிக்கின்றன. அதை முடிக்காமலே 1986-ல் ஹெர்பர்ட் மறைந்தார். 1999 முதல் அவர் மகன் இன்னொரு எழுத்தாளரைச் சேர்த்துக்கொண்டு பாட்டன் கதை, பூட்டன் கதை என்று எழுதிக் குவித்து வருகிறார். தகப்பனார் எழுதியவை ஆறு. பிள்ளையின் காலத்தில் வந்தவை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அது எத்தனையாவது மறுதாம்பு என்று கணக்கிடுவதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எதிர்க்கட்சியார் சொல்லுகிற நியாயங்களையும் கேட்போம்.

"இவ்வளவு தூரம் படித்துவிட்டோமே, விட மனசு வருமா?" என்பது முதல் நியாயம். புத்தகத்தைச் சீட்டுக் கட்டுகிற மாதிரி நினைக்கிறார்கள். சீட்டில் கடைசித் தவணை வரை கட்டினால் பணம் கைக்கு வரும். நடுவில் நிறுத்தினால் நஷ்டம். புத்தகத்தில் அப்படி இல்லை. முதல் பாகம் தந்த இன்பத்தை ஏழாம் பாகம் வந்து பறிமுதல் செய்ய முடியாது. படிக்காமல் விட்டதற்கு அபராத வட்டியும் கிடையாது.

"கதாபாத்திரங்கள் உறவினர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்" என்பது இரண்டாவது. இதை நான் மதிக்கிறேன். ஜெர்மனியில் 'பெர்ரி ரோடன்' என்ற விண்வெளி வீரனின் கதை 1961-லிருந்து வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது. 2019-ல் 3,000 இதழைத் தாண்டிவிட்டது. அதை வாங்குகிறவன் காலைக் காப்பி மாதிரி வாங்குகிறான். காப்பியில் தத்துவம் தேடுவதில்லை. அப்படிப் படிக்கிறவர் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அதைக் காப்பி என்று சொல்லிக் குடிக்கட்டும். தீர்த்தம் என்று சொல்லி மற்றவர்கள் தலையில் தெளிக்கவேண்டாம்.

மூன்றாவது நியாயம் நம் நாட்டுக்கே உரியது. "கதை சட்டென்று முடிந்துவிட்டதே" என்கிற ஆதங்கம். 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோதே வாசகர்களுக்கு இந்த ஆதங்கம் வந்தது. கல்கி ஒரு முடிவுரை எழுதி, இன்னின்னார் பிற்பாடு இன்னின்னவாறு ஆனார்கள் என்று கணக்குக் கொடுத்தார். அந்த வருஷ டிசம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார். வாசகர்களின் ஆதங்கம் மறையவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அவருக்குப் பின்னும் பலர் எழுதினார்கள். விட்ட இடத்தில் தொடுவது ஒன்றும் பாவமில்லை. ஆனால் கதை முடிந்த பிறகும் நம் மனசில் மிச்சம் நிற்கிறதே ஒரு தவிப்பு, அது கதையின் குறையல்ல. கதை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. அதை இன்னொரு பாகத்தைக் கொண்டு தீர்த்துக்கொள்ளத் துடிப்பவன் சொத்தை விற்றுச் சாப்பிடுகிறவன்.

தமிழிலே விஞ்ஞானக் கதையில் இந்த நிதானத்தைக் காட்டியவர் சுஜாதா. 1980-களில் 'ஆனந்த விகட'னில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஜீவா என்ற சர்வாதிகாரி, நிலா என்ற சாதாரணப் பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். எல்லாரும் நாயின் மேல் காதல் கொண்டார்கள். பிறகு 'மீண்டும் ஜீனோ' வந்தது. அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கொடுங்கோலன் போய்விட்டான் சரி, அடுத்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவள் பொம்மையாக இருந்தால் ஜனங்களுக்கு என்ன விடுதலை? ஓர் இயந்திரம் சிந்திக்க ஆரம்பித்துவிட்டால் அது இன்னும் இயந்திரந்தானா? இவை முதல் புத்தகம் மிச்சம் வைத்த கேள்விகள். அவற்றைக் கேட்டாகிவிட்டது. அதற்கப்புறம் 2008-ல் மறைகிறவரை அவர் எவ்வளவோ எழுதினார். மூன்றாவதாக ஒரு ஜீனோ நாவல் எழுதவில்லை. எழுதியிருந்தால் விற்றிருக்கும். அந்த நாய் பத்துப் பாகம் குரைத்திருக்கும். நாமும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போயிருப்போம்.

நானும் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறவன்தான். "அதே கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுங்களேன், வாசகர்கள் கேட்கிறார்கள்" என்று என்னிடமும் சொன்னதுண்டு. அந்த வார்த்தை எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லுகிறேன்: எழுதுகிறவனால் அதை எளிதில் மறுக்க முடியாது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் அவன் கையைப் பிடித்து எழுதச் சொல்லும். மறுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வாங்கிக்கொண்டே இருந்தால் அவன் அதே கட்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்குள் முளைத்திருக்க வேண்டிய புதுக் கதை முளைக்காமலே போகும். எழுதுகிறவனைக் கெடுக்காமல் விடுவதும் வாசகன் செய்யக்கூடிய ஓர் உபகாரம்.

ஒரு பாகத்தை மூடிவைக்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இனி நான் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன? யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், எந்தக் கிரகத்துக்கு யார் ராஜா என்பதுதான் பதில் என்றால், அங்கேயே நிறுத்திவிடலாம். மனிதனைப் பற்றியோ அவன் கட்டுகிற உலகத்தைப் பற்றியோ ஒரு கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டிருந்தால், கடன் வாங்கியாவது அடுத்த பாகத்தை வாங்குங்கள்.

மாசத்துக்கு இரண்டு புத்தகம் படிப்பதே நம்மில் பலருக்குப் பெரிய காரியம். ஆபீஸும் அடுப்பும் போக மிஞ்சுகிற நேரம் அவ்வளவுதான். வருஷத்துக்கு இருபத்துநாலு. அதில் ஏழைச் செத்த கேள்விக்குக் கொடுத்தால், இன்னும் பெயர் தெரியாத ஏழு எழுத்தாளர்கள் உங்கள் வாசலுக்கு வந்து திரும்பிப் போகிறார்கள் என்று அர்த்தம். கட்டையைப் பிடுங்கிவிட்டு உழுகிற விவசாயிக்கு இருக்கிற துணிச்சல், புத்தகம் படிக்கத் தெரிந்த நமக்கு வரவேண்டும்.